ஆன்மா ஓர் ஆற்றலா?



ஆற்றல் அழிவதில்லை என்பது விஞ்ஞானம். ஆன்மாவும் ஓர் ஆற்றலே. ஆதலால் ஆன்மாவும் அழிவதில்லை. இப்படியொரு வாதம் மேடைகளிலும் கைப்பேசிச் செய்திகளிலும் உலவி வருகிறது. ஆரணியில் கணவரை இழந்த தறிக்காரக் குடும்பத்துத் தாய் ஒருவருக்கு, ஆறுதல் கூற வந்த உறவினர் இதையே எடுத்துரைத்தாராம். "அப்படின்னா அவரு இப்ப கரண்டு மாதிரி எங்கியோ இருக்காரா, சாமி?" என்று அந்த அம்மாள் நம்மிடம் கேட்டார்.

வாதத்தின் முதற்பகுதி மெய்யே. ஓய்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் விளக்கின் அளவுக்கு வெப்பத்தை வெளிவிடுகிறது. அது உண்ட சோற்றிலிருந்து வந்தது. சோற்றுக்கு வெயிலிலிருந்து வந்தது. மரித்தபின் உடலின் சூடு காற்றோடு கலக்கிறது. எஞ்சியது மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. கணக்கில் எதுவும் குறையவில்லை. ஆனால் அந்தச் சூட்டுக்குப் பெயரில்லை. அது மனைவியை அறியாது. அதை ஆன்மா என்றழைப்பது ஆன்மாவை அடுப்புச் சூட்டோடு சேர்ப்பதாகும். நித்திய வாழ்வை நாம் விசுவசிப்பது இவ்விதியை நம்பியன்று. பெயர் சொல்லி அழைத்தவரை நம்பியே. இதையே அந்த அம்மாளிடமும் சொன்னோம்.

ஆயினும், உயிரைப் பற்றிப் பௌதிகம் வாய்திறக்கவே கூடாது என்பாரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. 1943 பிப்ரவரியில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் எர்வின் ஷ்ரோடிங்கர் ஆற்றிய சொற்பொழிவுகள், 'உயிர் என்பது யாது?' என்னும் பொருள்படும் தலைப்புடன் 1944இல் நூலாயின. பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் பொருள் சாதாரணப் படிகம் போன்றதன்று என்றார் அவர். ஒரே பூ திரும்பத் திரும்ப வரும் சுவர்க்காகிதத்துக்கும், ரஃபேலின் சித்திரத்தைக் கொண்டு நெய்த திரைச்சீலைக்கும் உள்ள வேற்றுமையை உவமை காட்டினார். ஆரணியாருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ! சேலை முழுதும் ஒரே புட்டா வருவதற்குச் சிறிய அட்டைச் சரம் போதும். முந்தானையில் ஒரு தேரோட்டத்தையே காட்டுவதாயின் ஜக்கார்டுப் பெட்டிக்கு அட்டைகள் குவியும். அவ்வாறே, சிறிதளவு அணுக்களின் திரும்பாத அடுக்கிலேயே உயிரின் குறிப்பெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என ஊகித்தார்.

ஊகம் வீண்போகவில்லை. 1953இல் டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்ட வாட்சனும் கிரிக்கும் அந்நூல் தம்மைத் தூண்டியதென்றனர். மறு ஆண்டே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடிவினதென எக்ஸ்-கதிரின் துணையால் கண்டார். பட்டிழை முறுக்குவோர் பெருமைப்படலாம். பட்டும் ஒரு புரதமே.

அந்நூலின் முடிவுரையிலோ ஷ்ரோடிங்கர் வேறு துறைக்குத் தாவுகிறார். உடல் இயற்கை விதிப்படி இயங்கும் யந்திரம். ஆயினும் அதை இயக்குபவன் நானே என்பதையும் நேரே அறிகிறேன் என்று தொடங்கி, ஆத்மாவும் பிரம்மமும் ஒன்றே என்னும் உபநிடதக் கோட்பாட்டில் போய் நிற்கிறார். இதன்பொருட்டு டப்ளின் பதிப்பகம் ஒன்று நூலைக் கைவிட, கேம்பிரிட்ஜ் பதிப்பித்தது. இந்த அச்சம் நமக்கு உவப்பன்று. அது தம் சொந்தக் கருத்தே என்று ஆசிரியரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். கைப்பேசி ஞானிகளிடம் காணாத நேர்மை இது!

கருந்துளை ஆய்வுக்காக 2020இல் நோபெல் பரிசு பெற்ற ரோஜர் பென்ரோஸ், மூளை அணுக்களின் நுண்குழல்களில் நிகழும் குவாண்டம் மாற்றங்களே உணர்வுக்கு மூலம் என்கிறார். வெதுவெதுப்பும் ஈரமுமான மூளையில் அத்தகைய நுட்பமான நிலை கணப்பொழுதும் தரியாது என்று 2000இல் மாக்ஸ் டெக்மார்க் கணக்கிட்டுக் காட்டினார். வழக்கு முடிந்தபாடில்லை. பென்ரோஸ் பக்கமே தீர்ப்பானாலும் ஒன்று எஞ்சும். அரக்குச் சாயத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியின் அலைநீளத்தை அளக்கலாம். அது மூளையில் எழுப்பும் மின்துடிப்பையும் அளக்கலாம். தறியில் அமர்ந்தவருக்கு அது அரக்காகத் தோன்றுகிறதே, அத்தோற்றம் எந்தச் சமன்பாட்டில் இருக்கிறது?

கல்லூரியில் பௌதிகம் பயிலும் நம் பிள்ளைகள் ஷ்ரோடிங்கரின் அச்சிறு நூலைத் தேடிப் படிக்கட்டும். முடிவுரையையும் விட்டுவிட வேண்டாம்.