யார் ஓடலாம்?

புத்தாண்டில் பள்ளிக்கூடங்கள் திறந்து சில வாரங்கள் கழியுமுன்னரே மலைநாட்டில் இல்ல விளையாட்டுப் போட்டிகளின் ஆரவாரம் தொடங்கிவிடுகின்றது. டிக்கோயாவைச் சூழ்ந்த தோட்டங்களிலே சமநிலம் என்பது மிக அருமை. சரிவு முழுவதும் தேயிலை. தேயிலை விட்ட இடத்தில் லயம். லயம் விட்ட இடத்தில் ஓடை. எஞ்சிய சிறு தரையிலே சுண்ணாம்புக் கோடு இழுத்து, பாதணியுமின்றி நம் பிள்ளைகள் பலர் ஓடப் பழகுகின்றனர். தரவளையில் துரைமார் தமக்கென அமைத்துக்கொண்ட மைதானத்தைத் தூரத்தில் நின்று பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

போட்டி முடிந்ததும், "யார் வென்றார்?" என்று ஊர் கேட்கின்றது. அதற்கு முன்னரே விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு. "யார் ஓடலாம்?" என்பதே அது. அதன் விடை மைதானத்தில் கிடைப்பதன்று. ஆசிரியரின் மேசைமீது, பத்திரங்களின் நடுவே கிடைப்பது. கால் வலிமை இருந்தும் பத்திரம் இன்மையால் நின்றுபோன பிள்ளைகளும் உளர். பத்திரத்தைத் திருத்திப் பிறர் இடத்தைக் கவர்ந்த பிள்ளைகளும் உளர். ஆதலின் பெற்றோரும் மாணவரும் இவ்விதிகளை அறிந்திருத்தல் நலம்.

நம் நாட்டிற் பாடசாலை விளையாட்டு படிப்படியாக ஏறிச் செல்வது. பாடசாலையில் வென்றவர் வலயத்துக்குச் செல்வர். ஹற்றன் கல்வி வலயத்தில் வென்றவர் மத்திய மாகாணப் போட்டிக்கும், அங்கே தேறியவர் அகில இலங்கைப் பாடசாலைகள் விளையாட்டு விழாவுக்கும் செல்வர். தடகளத்தில் 14, 16, 18, 20 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் வகுத்துள்ளனர். ஒவ்வொரு படியிலும் மாணவர் குறித்த பாடசாலையில் முறையாகச் சேர்ந்து பயில்பவர் என்பதும், அவருடைய வயது இன்னதென்பதும் உறுதிப்பட வேண்டும். சர்வதேசத் தடகள விதியின்படி 20 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓடுபவர், அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதியிலும் 20 வயதை எட்டாதவராய் இருத்தல் வேண்டும். வயதைக் கணக்கிடும் நாள் போட்டிக்குப் போட்டி வேறுபடலாம். ஆதலின், "என் மகனுக்குப் பதினாறுதான்" என்று வாயாற் சொன்னால் போதாது. எந்த நாளிற் பதினாறு என்பதே கேள்வி.

வயதில் இத்துணைக் கண்டிப்பு ஏன் என்று சிலர் வினவலாம். வளரும் பருவத்தில் ஓராண்டு என்பது சிறிய காலமன்று. பதின்மூன்று வயதுப் பையனுக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கும் இடையே உயரமும் எடையும் தசைவலிமையும் பெரிதும் மாறிவிடுகின்றன. 1985ஆம் ஆண்டு கனடா நாட்டில் பனி ஹொக்கி ஆடுவோரின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தவர்கள் வியப்பானதோர் உண்மையைக் கண்டனர். சிறந்த குழுக்களில் இடம்பெற்றவர்களில் தை, மாசி, பங்குனி மாதங்களையொட்டிய ஆண்டுத் தொடக்கத்திற் பிறந்தவர்கள் மிகுந்திருந்தனர்; ஆண்டிறுதியிற் பிறந்தவர்கள் அருகியிருந்தனர். அங்கே வயதைக் கணக்கிடுவது ஜனவரி முதலாந் திகதியிலிருந்து. சில மாத மூப்பே சிறுவனைத் தேர்வாளர் கண்ணிற் கெட்டிக்காரனாகக் காட்டிவிடுகின்றது. நேர்மையான கணக்கிலேயே இத்துணை வேறுபாடு எனின், இரண்டாண்டைக் களவாகக் குறைத்துக்கொண்டு ஓடுபவன் எதிரே நிற்கும் இளம்பிள்ளையின் கதி என்ன?

இக்கேடு தோட்டப்புறப் பிள்ளைக்கு இருமடங்கு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு கூறுவதைக் காண்க: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் வாய்க்காதவர், நாடு முழுவதையும் நோக்க நூற்றுக்கு 17 பேர், தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு 32 பேர். ஊட்டம் குறைந்து வளர்ந்த நம் பிள்ளை, தன் வயதை ஒத்தவனோடு ஓடும்போதே ஒரு படி பின்னே நின்று தொடங்குகின்றது. வயது மறைத்தவனோடு ஓட நேர்ந்தால் அது போட்டியே அன்று. வயது விதி வலியவனைத் துன்புறுத்த வந்ததன்று. எளியவனைக் காக்க வந்தது என்பதை நாம் முதற்கண் உணர்தல் வேண்டும்.

வயது மறைப்பதன் விளைவை உலகம் 2001ஆம் ஆண்டில் நன்கு கண்டது. ஐக்கிய அமெரிக்காவிற் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர்க்கான பேஸ்போல் போட்டியொன்றில், நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதிக் குழு மூன்றாமிடம் பெற்றது. அக்குழுவின் பந்தெறியும் சிறுவனை நாடே புகழ்ந்தது. சில நாட்களில் அவனுக்கு வயது பதினான்கு என்பதும், பிறப்புப் பத்திரம் பொய்யானது என்பதும் வெளியாயின. குழுவின் வெற்றிகள் யாவும் அழிக்கப்பட்டன. பத்திரத்தைப் பொய்யாக்கியவர் பெரியவர், தலைகுனிந்தவர்களோ சிறுவர். அவனோடு ஆடிய, யாதொரு குற்றமும் அறியாத பிள்ளைகளின் உழைப்பும் அன்றே வீணாயிற்று.

"வயதை உடலிலேயே சோதித்துவிட்டால் என்ன?" என்று கேட்பாரும் உளர். சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 17 வயதுக்குட்பட்டோருக்கான 2009ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் மணிக்கட்டு எலும்பைக் காந்தப் படம்பிடித்துப் பார்க்கும் முறையைக் கையாண்டது. இந்தியாவிலும் இளையோர் கிரிக்கெட்டில் எலும்புச் சோதனை உண்டு. ஆயினும் எலும்பு நாட்காட்டி அன்று. நல்லூட்டம் பெற்ற பிள்ளையின் எலும்பு விரைந்து முதிரும். ஊட்டம் குன்றிய பிள்ளையின் எலும்பு பிந்தி முதிரும். பிறந்த நாளைச் சொல்ல வல்லது பிறந்தபோது எழுதிய பதிவு ஒன்றே.

இங்கேதான் மலைநாட்டின் பழைய துயரம் தலைகாட்டுகின்றது. தோட்டத்திற் பிறந்த குழந்தையின் செய்தி, தோட்டத்துரையின் அலுவலகம் வழியாகப் பதிவாளரைச் சென்றடையும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இடையில் எழுதுபவர் காதில் விழுந்ததே பெயராயிற்று. வீட்டில் ஒரு பெயர், பள்ளி இடாப்பில் ஒரு பெயர், பத்திரத்தில் மற்றொரு பெயர் என்று மூன்று பெயரோடு வாழ்ந்தவர் எத்தனையோ பேர். மூன்று மாதம் கடந்துவிட்டால் பிறப்பைப் பதிவது தனியொரு வழக்காகிவிடும். பதிவே கிடையாதவர்க்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஒன்று உண்டு. அதன் பெயரிலேயே அதன் குறையும் தெரிகின்றதன்றோ? இவற்றைச் சரிசெய்ய அலுவலகம் ஏறி இறங்கும் ஒவ்வொரு நாளும், கொழுந்து பறிக்கும் தாய் ஒருநாட் பேரை இழக்கின்றாள். செல்வர் வீட்டுக்கு அஞ்சற் செலவோடு முடியும் காரியம், லயத்து வீட்டுக்கு அடுப்பெரியும் கவலையாகின்றது.

பிறப்புப் பத்திரத்துக்கு மேலாகக் குடியுரிமை என்ற பெருவாயிலும் ஒருகாலத்தில் அடைபட்டுக் கிடந்தது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவிலே, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் இலங்கைக்காகப் பங்குபற்றினார். அப்போது அவருக்கு வயது பதினேழு. 1958இல் டோக்கியோ ஆசிய விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கமும் வென்றார். பள்ளி மைதானம் ஒரு தமிழ்ப் பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு அவர் சான்று. அதே 1952இல், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலைநாட்டு மக்கள் சத்தியாக்கிரகம் செய்துகொண்டிருந்தனர். ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்காக நிற்பவர் அந்நாட்டின் பிரசையாய் இருத்தல் வேண்டும் என்பது விதி. டிக்கோயாவின் லயமொன்றில் அந்நாளில் ஓர் எதிர்வீரசிங்கம் பிறந்திருந்தால், அவர் எந்தக் கொடியின் கீழ்ப் பாய்ந்திருப்பார்? 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே குடியுரிமை வழங்கியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடந்து திறந்த வாயில் அது. இன்றைய பிள்ளைகள் அதனூடே நடப்பதற்கு முன்னோர் கொடுத்த விலையை மறத்தல் கூடாது.

விதியை அறியாத எளியவன் படும் பாட்டுக்கு உலக வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்கப் பழங்குடி இனத்தவரான ஜிம் தோர்ப் என்னும் மாணவர், 1912இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்தம்சப் போட்டியிலும் பத்தம்சப் போட்டியிலும் தங்கம் வென்றார். முன்னொரு கோடையிற் பணம் பெற்றுப் பேஸ்போல் ஆடியவர் என்று கூறி, 1913இல் அப்பதக்கங்களைப் பறித்தனர். அக்காலத்தில் அவ்வாறு ஆடிய கல்லூரி மாணவர் பலர் பொய்ப்பெயரில் ஆடித் தப்பினர். தோர்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். முறைப்பாடு எதுவாயினும் விழா முடிந்து முப்பது நாட்களுக்குள் வருதல் வேண்டும் என்பது அவ்விழாவின் விதி. அந்த நாள் கடந்து பல மாதங்களுக்குப் பின்னரே அவரைத் தண்டித்தனர். ஓடியவன் மீறியதைக் கண்டவர்கள், தாம் மீறியதைக் காணவில்லை! தோர்ப் 1953இல் இறந்தார். பதக்கங்களை மீளளிக்க 1982இல் முடிவாயிற்று. தனி வெற்றியாளர் என்ற பெருமை 2022இலேதான் முழுமையாகத் திரும்பியது. அவர் இனத்தார் அனைவர்க்கும் அமெரிக்கக் குடியுரிமை வழங்கிய சட்டம் வந்தது 1924இல் என்பதையும் நம் வாசகர் கருத வேண்டுகின்றோம். விதி ஓடுபவனை மட்டும் கட்டுப்படுத்துவதன்று. விதியை நடத்துபவரையும் கட்டுப்படுத்துவது.

வயதை ஒழிய வேறு விதிகளும் உள. பாடசாலை மாறிய மாணவர் சிலகாலம் போட்டியிடக் கூடாது என்று ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்கள் விதித்துள்ளன. சிறு பாடசாலை வளர்த்த வீரனைப் பெரும் பாடசாலை ஆசைகாட்டிப் பறித்துச் செல்லாதிருக்க இட்ட வேலி அது. 1984இல் டெக்சாஸ் மாநிலம் வேறொரு சட்டம் செய்தது: ஏதேனும் ஒரு பாடத்தில் 70 புள்ளிக்குக் குறைந்தவர் ஆறு வாரம் விளையாட இயலாது. படிப்பைப் பேணும் நோக்கம் போற்றற்குரியதே. ஆயினும் மைதானத்தின் பொருட்டே பள்ளிக்கு வரும் பிள்ளையும் உண்டு. மைதானத்தை அடைத்தால் அப்பிள்ளை வகுப்பையும் விட்டுச் செல்லும். நம்மைக் கேட்டால், குறைந்த புள்ளி பெற்றவனை விலக்குவதினும், மாலைப் பயிற்சிக்கு முன் ஒருமணி நேரம் அவனை அமர்த்திப் படிப்பிப்பதே ஆசிரியர்க்கு அழகு என்போம்.

ஊக்கமருந்து பற்றியும் ஒரு சொல். 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இதற்கென ஒரு நிறுவனத்தை அமைத்துள்ளது; பாடசாலை வீரரும் சோதனைக்குத் தப்பார். சளிக்கெனக் கடையில் வாங்கும் சில மருந்துகளிலும் அளவு மிஞ்சினால் தடைக்குரிய பொருள் உண்டு. உடலிற் காணப்பட்ட பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது அங்கே முதல் விதி. ஆதலின் போட்டிக் காலத்தில் மருத்துவரிடம், "நான் ஓட்டக்காரன்" என்று முதலிற் சொல்லி மருந்து கேட்க.

இனிச் செய்யத்தக்கன யாவை? பெற்றோர், குழந்தை பிறந்தவுடன் பதிவை முடித்து, பெயரும் திகதியும் சரியாக உள்ளனவா என்று படித்தறிந்தவரைக் கொண்டு பார்த்தல் வேண்டும். பிழையிருந்தால் அன்றே திருத்துக; போட்டிக்கு முதல்நாள் ஓடுவதாற் பயனில்லை. பத்திரத்தின் பிரதிகளைப் பத்திரமாக வைக்க. பிள்ளைக்குப் 15 வயது நிறைந்ததும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க. ஆசிரியர், முதலாம் வகுப்பிலேயே இடாப்புப் பெயரையும் பத்திரப் பெயரையும் ஒப்பிட்டு, வேறுபாடு கண்டால் பெற்றோரை அழைத்துச் சொல்லல் வேண்டும். போட்டிச் சுற்றுநிருபம் வந்ததும் அதனைப் பூட்டி வையாது, மாணவர் கண்படும் சுவரில் ஒட்டுதல் வேண்டும். கிண்ணத்தின் மேலுள்ள ஆசையால் ஒரு திகதியை மாற்றி எழுதும் கை, ஆயிரம் பாடங்களால் திருத்தவொண்ணாத ஒரு பாடத்தை அப்பிள்ளைக்குக் கற்பித்துவிடுகின்றது.

மாணவச் செல்வங்களே! உங்கள் வயது உங்களுடையது. அதனைக் குறைத்துச் சொல்லி வென்ற கிண்ணம், உங்களை ஒத்த வேறொரு தோட்டத்துப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்தது. எவரேனும் உங்களைத் தகுதியற்றவர் என்று நிறுத்தினால் அழுதுகொண்டு வீடு திரும்பாதீர். எந்த விதியால் நிறுத்துகின்றீர் என்று பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். விதியை மதிப்பவனுக்கே விதியைக் காட்டிக் கேட்கும் உரிமை உண்டு.