பந்தின் மேல் நிற்கும் பிள்ளை



சர்க்கஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? யானை, ஊஞ்சலில் பறக்கும் பெண், பிறகு கோமாளி. அந்தக் கோமாளி பல இடங்களில் குள்ளமான மனிதராகவே இருப்பார். அவர் சும்மா நடந்து வந்தாலே கூட்டம் சிரிக்கும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பி.டி. பார்னம் என்பவர், உடலமைப்பில் வித்தியாசமான மனிதர்களைக் காசுக்குக் காட்டியே பெரும் பணம் சேர்த்தார். ஆகவே டவுண் சின்ட்ரோம் உடையவர்கள் சர்க்கஸ் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்தப் பிள்ளைகளையுமா காட்சிப் பொருளாக்க வேண்டும்?

விசாரித்தபோது விஷயம் வேறாக இருந்தது. ஜேர்மனியின் பேர்ளின் நகரில் 1997இல் தொடங்கிய 'சர்க்கஸ் சொன்னன்ஸ்டிக்' என்ற குழுவில் டவுண் சின்ட்ரோம் உடைய கலைஞர்கள் மேடையேறுகிறார்கள். அந்தப் பெயருக்கு 'வெயில் தாக்கம்' என்று பொருள். "வெயில் தலைக்கேறிவிட்டதா?" என்று ஒருவரைப் பரிகசிக்கவும் ஜேர்மனியர் அந்தச் சொல்லைச் சொல்வதுண்டு. அதையே பெயராக வைத்த துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

டவுண் சின்ட்ரோம் தொற்றுநோயல்ல. 1866இல் இதை விவரித்து எழுதிய ஜோன் லாங்டன் டவுண் என்ற ஆங்கில வைத்தியரின் பெயரே இதற்கு வந்தது. நமது உடலின் கலங்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. இவர்களுக்கு 21ஆவது வகையில் ஒன்று மேலதிகமாகி 47 இருக்கின்றன என்பதை 1959இல் பிரான்ஸில் ஜெரோம் லெஜூனும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் தாய் எதைச் சாப்பிட்டாள், எதைக் கண்டு பயந்தாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. (மாமிமார் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கவும்!)

இப்பிள்ளைகளின் தசைகள் பிறப்பிலேயே தளர்வானவை. தலை நிற்பதும் நடை பழகுவதும் தாமதமாகும். அப்படிப்பட்ட ஒருவர் பெரிய பந்தொன்றின் மேல் ஏறி, கைகளை விரித்து, கால்களால் அதை உருட்டிக்கொண்டு போவதற்கு எத்தனை மாதப் பயிற்சி தேவைப்படும் என்று எண்ணிப்பாருங்கள். வாயால் சொல்லிக்கொடுப்பதைவிடச் செய்து காட்டினால் இவர்களில் பலர் எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு அடியைக் காட்ட வேண்டும், பொறுத்திருக்க வேண்டும், மறுபடியும் காட்ட வேண்டும். மூட்டுகள் இலகுவாக வளைவதால் சில வித்தைகள் மற்றவர்களைவிட நன்றாகவே வரும்.

அதே தளர்வில் ஆபத்தும் உண்டு. சிலருக்குக் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கிடையே பிடிமானம் குறைவு. குட்டிக்கரணம் அடித்தால் முள்ளந்தண்டு நரம்பு நசுங்கக்கூடும். இப்பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறும் இருக்கிறது. ஆகவே வைத்தியரிடம் காட்டாமல் இத்தகைய பயிற்சிகளில் இறக்கக் கூடாது. கழுத்துக்கு ஆகாதென்றால் குட்டிக்கரணத்தை விட்டுவிட்டு வளையமோ பந்தோ பழகலாம்.

"வைத்தியர் சம்மதித்தாலும் என் பிள்ளை விழுந்துவிடுமே" என்பீர்கள். நியாயமான பயம்தான். இருபது வயது மகனுக்குச் சேர்ட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டு, சோற்றையும் பிசைந்து ஊட்டுகிற உம்மாமாரை எனக்குத் தெரியும். அத்தனையும் அன்பினால்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டவுண் சின்ட்ரோம் உடையவர்களின் சராசரி ஆயுள் 25 வயதளவில் இருந்தது. இதய சத்திர சிகிச்சையும் நல்ல பராமரிப்பும் வந்தபின் இன்று அது 60ஐ எட்டியிருக்கிறது. அப்படியானால் உம்மாவுக்குப் பிறகும் அந்தப் பிள்ளை பல வருடங்கள் வாழப்போகிறது. அப்போது பொத்தானைப் பூட்டிவிடுவது யார்?

சர்க்கஸ் பயிலுமிடத்தில் விழுவதற்கென்றே மெத்தை விரித்திருப்பார்கள். விழுந்தவரை அள்ளியெடுக்க எவரும் ஓடுவதில்லை. அவராகவே எழுந்து மறுபடியும் ஏறுவார்.

டவுண் சின்ட்ரோம் உடையவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து மனிதக் கோபுரம் கட்டும்போது, டவுண் சின்ட்ரோம் உடையவர் எப்போதும் உச்சியில்தான் நிற்பார் என்றில்லை. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி அவர் அடித்தளமாகவும் இருப்பார். மேலே ஏறுபவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏறட்டுமா?" என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே முதுகில் காலை வைப்பார்.