பூங்காப் புல்லுக்கு மருந்து எதற்கு?

மேனாம்பேட்டில் நான் காலையில் நடக்கும் பூங்காவில் புல்லை ஒட்ட வெட்டி, பூச்சிமருந்தும் அடிக்கிறார்கள். சுத்தமாக இருக்க வேண்டுமாம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அந்தப் புல்லடி மண்ணில் கொலம்போலா என்ற சிற்றுயிர் ஆயிரக்கணக்கில் வாழும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். இறக்கை கிடையாது, வயிற்றுக்கடியில் மடிந்திருக்கும் கவை போன்ற உறுப்பைத் தரையில் தட்டி எம்பும். மட்கும் புல்லையும் பூஞ்சணத்தையும் தின்று, அவை உரமாக உதவுகிறது. மருந்துக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற பேதம் தெரியாது. வெட்டிய புல்லையும் மூட்டை கட்டி வெளியே அனுப்பிவிட்டு, பிறகு காசு கொடுத்து உரம் வாங்குகிறார்கள்! (குமாஸ்தா புத்தி, செலவைத்தான் முதலில் பார்க்கிறது.)

முதல் மழைக்குப் புல்லில் வரும் தம்பலப்பூச்சியும் அப்படித்தான். சிவப்பு வெல்வெட் போல இருக்குமே, சங்கப் பாட்டில் மூதாய் என்பார்களே, அது. பேரனுக்குக் காட்ட இங்கே ஒன்றுகூட அகப்படவில்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் ஃபாப்ரைப் படித்தோம். அவர் 1879-இல் செரிஞ்ஞான் ஊரில் கல்லும் களையுமான தரிசை வாங்கி, பூச்சிகளைக் கவனிப்பதற்கென்றே வைத்துக்கொண்டார். நான் அவ்வளவு கேட்கவில்லை. பத்தடி அகலத்துக்கு மருந்தடிக்காமல், புல்லைக் கணுக்கால் உயரம் விட்டால் போதும். பாம்பு வரும் என்று பயப்படுவார்கள். அதனால்தான் நடைபாதையை விட்டுத் தள்ளி, மதில் ஓரமாக என்கிறேன்.