பெயரைக் கேளுங்கள்



மருத்துவமனையில் இரத்த மாதிரி எடுக்கப் பயிலும் நம் பிள்ளைகளுக்காக ஜெபிக்கையில், கை நடுங்காதிருக்கவே பெரும்பாலும் வேண்டுகிறோம். முழங்கை மடிப்பில் இரத்தநாளத்தைத் தடவிக் கண்டறிவதும், கட்டிய பட்டையை 1 நிமிடத்துக்குள் தளர்த்துவதும் பழகப் பழகக் கைகூடும். ஆனால், பழகப் பழக அலட்சியமாகிவிடுவது ஒன்று உண்டு: நோயாளி இன்னார் என உறுதிசெய்தல்.

"நீங்கள்தானே மேரி?" என்றால் அரைத்தூக்கத்தில் இருக்கும் வேறொருவரும் தலையசைத்துவிடுவார். "உங்கள் பெயர் என்ன?" என வினவி, அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, மருத்துவமனை எண்ணோடு ஒப்பிட்டு, படுக்கையருகிலேயே குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டவேண்டும். குழாய் மாறினால், ஒவ்வாத பிரிவு இரத்தம் ஏற்றப்பட்டு ஓர் உயிரே போகக்கூடும்.

ஆகவே, ஊசித் திறனுக்குத் தரும் மதிப்பெண்ணை இந்த ஒரு கேள்விக்கும் பயிற்சியில் தரவேண்டும் என்பேன். வரிசை நீண்ட காலைவேளையிலும் இதற்கு விலக்கு கூடாது.

யோவான் 10-ஆம் அதிகாரத்தின் நல்ல மேய்ப்பருக்கு மந்தை வெறும் எண்ணிக்கை அன்று. அவரைப் பின்பற்றும் நமக்கும், படுத்திருப்பவர் "17-ஆம் படுக்கை" ஆகிவிடலாகாது.

கர்த்தர் உங்கள் கைகளின் ஊழியத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.