"அவங்க மாமனும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று சமீபத்தில் போன இடங்களில் எல்லாம், இரண்டரை வயது தாண்டியும் பேச்சு வராத குழந்தைகளைப் பார்க்கிறேன். கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "அவங்க மாமனும் லேட்டாத்தான் பேசினான் டீச்சர். ஆம்பளப் பையன், மெதுவாத்தான் வரும்." பையன்கள் பெண் பிள்ளைகளைவிடச் சற்றுப் பிந்திப் பேசுவது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்காத குழந்தைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அந்த மாமன் எட்டாம் வகுப்போடு ஏன் நின்றான் என்று யாராவது யோசித்தீர்களா?

கொஞ்சம் படித்த வீடுகளில் குமரகுருபரரை இழுக்கிறார்கள். ஐந்து வயதுவரை பேசாமல் இருந்து பெரும் புலவர் ஆனாராம். சரி, அந்த வரலாற்றையே ஒழுங்காகச் சொல்லுங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் இருந்த அவருடைய பெற்றோர் திண்ணையில் உட்கார்ந்து "தானா வரும்" என்று காத்திருக்கவில்லை. அவர்கள் நம்பிய இடம் திருச்செந்தூர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உங்களுக்குப் பழனி அரசு மருத்துவமனை பஸ் ஏறினால் வந்துவிடும். அதற்கு ஏன் இத்தனை தயக்கம்?

அதே குமரகுருபரர்தான் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழின் பருவங்களை என்னிடம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள் (கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு மன்னிப்பு உண்டு). ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, அதற்குப் பிறகு முத்தம், வருகை, அம்புலி. சப்பாணி என்றால் கைகொட்டுவது. பெரியவர் கொட்டுவதைப் பார்த்துக் குழந்தையும் கொட்ட வேண்டும். வருகையில் கூப்பிட்டால் வர வேண்டும். அம்புலியில் நிலாவைக் காட்டினால் விரல் போகும் திசையில் பார்க்க வேண்டும். இன்றைக்குக் குழந்தை மருத்துவர்கள் கேட்பதும் இதைத்தான். ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்புகிறதா? விரல் நீட்டிக் காட்டுகிறதா? கையாட்டி டாட்டா சொல்கிறதா? பேச்சு வருவதற்கு முன்னால் இவை வர வேண்டும். வரவில்லை என்றால் இரண்டு வயது ஆகும்வரை காத்திருக்கக் கூடாது. வந்த சொற்கள் திடீரென்று மறைந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது காது. "தட்டைத் தட்டினா திரும்புறானே" என்கிறீர்கள். தட்டின் அதிர்வு தெரியும், உங்கள் கை அசைவதும் தெரியும். சில குழந்தைகளுக்குப் பெரிய சத்தம் கேட்கும், பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள் கேட்காது. அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கட்டினாலும் இதே கதைதான். பிறந்த குழந்தைக்கே, அது தூங்கும்போது, காதில் சின்னக் கருவியை வைத்துச் சில நிமிடத்தில் பரிசோதிக்கலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் பிறவியிலேயே காது கேளாமை வரும் வாய்ப்பு கூடுதல். இதை எழுதினால் எத்தனை பேர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். அக்கா மகள், அத்தை மகன் என்று நம் குடும்பங்களிலேயே எத்தனை ஜோடி! அவர்கள் முதலில் பரிசோதிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பணம் ஒரு காரணம் அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட, தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சையும் அதன் பிறகான பேச்சுப் பயிற்சியும் உண்டு. வயது ஏற ஏறப் பலன் குறையும். மூளை ஒலியைப் பழகும் காலம் முதல் சில வருடங்கள்தான். "பள்ளிக்கூடம் சேர்க்கும்போது பாத்துக்கலாம்" என்பவர்கள் தூக்கி எறிவது அந்த வருடங்களைத்தான்.

நாக்கில் வசம்பு தேய்ப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். குழந்தை பேசுவது நாக்கின் தடிப்பாலா, காதில் விழும் சொல்லாலா? வசம்பைக் குழந்தைக்கு உள்ளே கொடுப்பது நல்லதல்ல. ஒரு வயதுக்குள் தேனும் கூடவே கூடாது.

அடுத்து செல்போன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வயதுக் குழந்தைக்குக்கூடத் திரையே வேண்டாம் என்றது, இரண்டு வயதுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் என்றது. இங்கே ஆறு மாதத்திலேயே போனைக் காட்டித்தான் சோறு. ஒரு குழந்தை எனக்கு "ரெட், புளூ, எல்லோ" என்று ஒப்பித்தது. பெற்றவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அதே குழந்தைக்குத் தாகம் எடுத்தபோது தண்ணீர் என்று கேட்கத் தெரியவில்லை, குடத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதது. போன் பேசும், ஆனால் குழந்தை பதில் சொல்லும்வரை காத்திருக்காது. அம்மாயி காத்திருப்பார். "என்னடா சாமி வேணும்?" என்று கேட்டு முகத்தைப் பார்ப்பார். அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சு விளைகிறது.

மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் தாயைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவளுக்கு ஓய்வு வேண்டும். அதே வீட்டில் ஐபிஎல் பார்க்கும் அப்பாவுக்கும் வாய் இருக்கிறது அல்லவா?

என் கோபத்தில் பெரும்பங்கு இதற்குத்தான். மூன்று வயதுக் குழந்தையின் பெற்றோரைக் கூப்பிட்டு, "வீட்டிலும் இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று அறிவுரை சொல்லும் பள்ளிக்கூடங்கள். ஒன்றின் பேரையும் நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். அந்த அறிவுரைக்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கிறது? அம்மா "கம், சிட், ஈட்" என்ற நாலு சொல்லோடு நிற்கிறாள். அப்பத்தா தன் வீட்டிலேயே வாய் மூடுகிறார். நம் ஊரில் கரும்பாலைக் கொட்டகைக்குக் குழந்தையைத் தூக்கிப் போனால் கொப்பரை, பாகு, சக்கை, தோகை, அச்சு, உருண்டை என்று எத்தனை சொல் காதில் விழும்! சூடு எது, ஆறினது எது, இறுகினது எது என்று எத்தனை பேச்சு! அதற்குப் பதில் நாலு கட்டளைச் சொல். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளும் இங்கே நிறைய. அவர்களும் அதையே தாராளமாகப் பேசட்டும். இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சுக் கோளாறு வராது. ஒரு மொழி நன்றாக ஊன்றியவன் மேல் இங்கிலீஷ் ஏறும்.

அரசாங்கத்தையும் விடமாட்டேன். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வந்து, பேச்சு வளர்ச்சியையும் காதையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். காகிதத்தில் அருமையான திட்டம். ஆனால் பேச்சுப் பயிற்சியாளர் பெரிய ஊரில் இருக்கிறார். வாரம் இருமுறை பயிற்சி என்றால் கூலிக்காரத் தாய்க்கு வாரம் இரண்டு நாள் சம்பளம் போயிற்று. தாலுகா மருத்துவமனைக்கு ஒருவரையாவது போட வேண்டும். அங்கன்வாடி ஊழியரைப் பதிவேட்டிலும் போனில் விவரம் ஏற்றுவதிலும் கட்டிப்போட்டுவிட்டு, "கதை சொல்லு, பாட்டுச் சொல்லு" என்றால் அவர் எப்போது சொல்வார்?

இன்னொன்று. அதிகம் பேசும் பெண் குழந்தையை "வாயாடி" என்று அடக்குகிறீர்களே, எதற்கு? வாயாடட்டும்.

பதிவுக்குக் கீழே "அருமை டீச்சர்" என்று போட வேண்டாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு குழந்தை இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நம்பர் உங்களிடம் இருக்கிறது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நானும் பழனிக்குக் கூட வருகிறேன். குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். காலையில் நேரத்தோடு போனால் ஓ.பி. சீட்டுக்கு ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்காது.