கொடி அடுப்பு சொல்லும் பாடம்

கோபாலபுரத்தில் என் பாட்டியின் சமையல் அறையில் மண் அடுப்பு இருந்தது. அதை ஒட்டினாற்போல் ஒரு கொடி அடுப்பு. பெரிய அடுப்பில் சோறு வேகும். கொடி அடுப்பில் குழம்பு கொதிக்கும். இரண்டுக்கும் விறகு ஒன்றுதான்!

இந்தப் பாடம் கப்பலுக்கும் பொருந்தும்.

1906-ஆம் ஆண்டில் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கொழும்புக்கு நீராவிக் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. அப்படிப்பட்ட போட்டியில் ஒவ்வொரு கூடை நிலக்கரியும் காசு அல்லவா?

ஆனால், நீராவி எந்திரம் ஓர் ஊதாரி. சிறிய நீராவிப் படகில் 100 பங்கு சூடு உண்டானால், 10 பங்குகூடப் படகை ஓட்டுவதில்லை. மீதி, புகையோடும், வேலை முடிந்து வெளியேறும் ஆவியோடும் போய்விடுகிறது.

மீட்பது எப்படி?

வழி எளிது. பாய்லருக்குப் போகும் தண்ணீரை ஒரு குழாய்ச் சுருளுக்குள் ஓடவிட வேண்டும். வெளியேறும் ஆவி அந்தச் சுருளைச் சுற்றி வர வேண்டும். தண்ணீர் சூடாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 30 டிகிரியில் இருக்கும் 1 கிலோ தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கச் சுமார் 610 கிலோ கலோரி சூடு வேண்டும். அந்தத் தண்ணீர் 90 டிகிரியில் பாய்லருக்குள் போனால், 60 மிச்சம். அதாவது, 10 கூடைக் கரியில் ஏறக்குறைய 1 கூடை மிச்சம்!

இன்னொரு லாபமும் உண்டு. குளிர்ந்த ஆவி மறுபடியும் நல்ல தண்ணீர் ஆகிறது. எண்ணெய்ப் பிசுக்கை வடிகட்டி, அதையே பாய்லரில் விடலாம்.

மீனவருக்கு என்ன பயன்?

இன்று காசிமேட்டில் ஓடுபவை டீசல் படகுகள். டீசல் எந்திரமும் பாதிக்கு மேற்பட்ட சூட்டை வீணாக்குகிறது. பல நாள் கடலில் தங்கும் மீனவர்களோ, குடிநீரைக் கரையிலிருந்து சுமந்து செல்கிறார்கள். அந்தச் சூட்டில் கடல்நீரைக் காய்ச்சி வடித்தால் குடிநீர் கிடைக்குமே!

இது வெறும் கனவு அல்ல. பெரிய கப்பல்களில் இதற்கான கருவிகள் உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், 2009-இல் வட சென்னை அனல் மின் நிலையத்தில் இதைச் செய்து காட்டியது. காற்றை உறிஞ்சி எடுத்த தொட்டியில், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அந்த முறையில், மின் நிலையம் கழித்துவிடும் வெந்நீரிலிருந்தே நல்ல தண்ணீர் எடுத்தார்கள்.

"சின்னப் படகில் இடம் ஏது? விலை கட்டுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே, படகுக்கு ஏற்ற சிறிய கருவியை நம் பொறியாளர்கள் செய்ய வேண்டும். அதை வாங்க அரசு மானியம் தர வேண்டும்.

டீசலுக்குக் கொடுத்த காசு மீனவர் வியர்வை. அதில் பாதிக்கு மேல் புகையாகவும் வெந்நீராகவும் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமா? என் பாட்டி இருந்திருந்தால், "படகிலும் ஒரு கொடி அடுப்புப் போடுங்கள்!" என்று சொல்லி இருப்பார்.