வலி போனா போதுமா?



“எப்படா கபடிக்கு வர்றே?” நொண்டாம நடக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்து ஐந்து மாதம் ஆகிறது. வலி இல்லை. மாடிப்படி ஏறுகிறேன், மெதுவாக ஓடவும் செய்கிறேன். அடுத்த வாரம் ஜோனல் மேட்ச். “கிரேப் பேண்டேஜ் சுத்திக்கிட்டு ஒரே ஒரு ரைடு போடா” என்கிறார்கள். எனக்கும் ஆசைதான்.

ஆனால் வலி போவது வேறு, ஜவ்வு ஆறுவது வேறு. என் தொடைக்குப் பின்னால் இருந்த நாரை எடுத்துத்தான் முட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அது உறுதியான ஜவ்வாக மாற மாதக்கணக்கில் ஆகும். கபடியில் சட்டென்று திரும்புகிறோமே, அதைத் தாங்க குறைந்தது 9 மாதம் வேண்டும் என்கிறார் டாக்டர். அதுவும் இந்தக் கால் மற்ற காலுக்குச் சமமாகப் பலம் பெற்றால்தான். நெய்மாருக்கு 2023 அக்டோபரில் இதே ஜவ்வு கிழிந்தது. அவ்வளவு வசதி இருந்தும், அவர் மைதானத்துக்குத் திரும்ப ஒரு வருஷம் ஆனது.

அதனால் இந்த முறை நான் ஸ்கோர் நோட்டோடு கோட்டுக்கு வெளியேதான் உட்காருவேன். பயந்தாங்கொள்ளி என்று நினைக்காதீர்கள். நாளைக்கு யாருக்கு அடிபட்டாலும் “எப்ப வர்றே?” என்று கேட்காதீர்கள். “இன்னிக்கு எக்சர்சைஸ் செஞ்சியா?” என்று கேளுங்கள். அதுதான் உதவி.

– ப்ளஸ் ஒன் மாணவன்